பாட்டியின் பெயரில் ஐந்து குறிகள்: கல்லறை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் கல்லறை நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

கார்த்திகைக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் கடிதம் மொத்தம் நான்கு வரி. எங்கள் பாட்டியின் கல்லறைப் பலகையில் பங்குப் பதிவேட்டில் உள்ள திருமுழுக்குப் பெயரை மட்டுமே பொறிக்கலாம். அந்நிய மொழிப் பெயரும் குறிகளும் கூடாது. கல்லறைமேல் உணவு படைப்பது பிற சமயச் சடங்கு, அதற்கு இனி இடமில்லை. மீறினால் பலகை அகற்றப்படும். நேரில் விளக்கம் சொல்ல இரண்டு முறை வந்தேன். முதல் முறை கூட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை பொருளாளர் வாசற்படியில் நின்றபடியே, "வேணும்னா அந்தக் கொக்கி, பொட்டெல்லாம் எடுத்துட்டு இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்குங்க. அதுக்கு மேல கேக்காதீங்கம்மா, ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசற்படியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பாட்டியை நீங்கள் அறிவீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு முதல் பூசைக்கு வந்து, பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் தூணருகே உட்கார்ந்து, எல்லோரும் பாடி முடித்த பிறகு அரை அடி தாமதமாகத் தமிழ்ப் பாட்டை முடிப்பவர். தெருவில் அவருக்குச் 'சீனாக்காரம்மா' என்று பெயர். அவர் சீனர் அல்லர். வியட்நாமின் தெற்கே, மேகோங் ஆற்றுக் கழிமுகத்தில் மீ தோ என்னும் ஊரில் 1934-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட அவருடைய பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. அது முதலில் எழுதப்பட வேண்டிய இடம் அவருடைய கல்.

நம் ஊர்க்காரர்கள் சைகோனுக்குப் போன கதை உங்களில் பலருடைய குடும்பத்திலும் இருக்கும். 1862-இல் கொச்சின்சீனா எனப்பட்ட தென் வியட்நாமின் மூன்று மாகாணங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்கள் அங்கே சுங்கத்திலும் காவலிலும் வரி வசூலிலும் வேலை பார்த்தார்கள். அவர்களில் பலர் 'ரெனோன்சான்' குடும்பத்தினர். அதாவது, 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி தம் பழைய சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டத்துக்கு உட்பட்டு, தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். என் தாத்தாவின் பாட்டனார் அப்படித் தேர்ந்தெடுத்த பெயரைத்தான் நான் இன்றும் எழுதுகிறேன். அவர் ஒரு மேசை முன் நின்று, யோசித்து, விரும்பித் தன் பெயரை எடுத்துக்கொண்டார். பாட்டிக்கு அப்படி ஒரு மேசை கிடைக்கவில்லை. 1953-இல், சுங்க அலுவலரான தாத்தாவைத் திருமணம் செய்வதற்கு ஒரு வாரம் முன்பு அவருக்குத் திருமுழுக்கு நடந்தது. அந்த நாளுக்குரிய புனிதையின் பெயரை வைத்தார்கள். 19 வயதுப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "பேர் வச்சாங்க, நான் சரின்னேன், கல்யாணம் ஆச்சு" என்பார். அதில் அவருக்குக் கோபம் எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை. திருமுழுக்குப் பெயரை அவர் நேசித்தார். அதை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்துகிறேன்.

1975 ஏப்ரல் 30-இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வடக்கின் படைகளிடம் விழுந்தது. அடுத்த ஆண்டு தாத்தா தன் சொந்த ஊருக்குத் திரும்பினார். பாட்டி, தனக்கு அந்நியமான ஊருக்கு வந்தார். அப்பாவுக்கு அப்போது வயது இருபது. கொண்டுவந்தவை இரண்டு பெட்டி. கொண்டுவர முடியாதது ஒன்று: அப்பாவுக்கு முன் பிறந்து எட்டு மாதத்தில் இறந்த பெண் குழந்தை, சைகோன் நகர நடுவே ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். 1983-இல் அந்தத் தோட்டம் அகற்றப்பட்டுப் பூங்காவானது. எலும்புகளை எடுத்துக்கொள்ளும்படி உறவினருக்கு விடப்பட்ட அறிவிப்பு இங்கே வந்து சேருவதற்குள் தோட்டமே இல்லை. செய்தி வந்த அன்று பாட்டி சமைத்தார், பாத்திரம் கழுவினார், மாலையில் என்னை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்வார். அதற்குப் பிறகு அவர் அடிக்கடி சொன்ன ஒரே வேண்டுகோள் இதுதான்: "எனக்கு கல்லு வையுங்க. கல்லுல என் பேர் போடுங்க. வீட்டுப் பேர்." கோயிலில் இட்டது கோயில் பேர், அப்பன் ஆத்தாள் இட்டது வீட்டுப் பேர், அவருடைய தமிழில் அப்படித்தான். நாங்கள் செய்ய முயல்வது அந்த ஒரு வேண்டுகோளைத்தான்.

அவரை நாங்கள் 'பா நோய்' என்று அழைத்தோம். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அங்கே அதுதான் முறைப்பெயர். பள்ளியில் நான் அப்படிச் சொன்னபோதெல்லாம், "உங்க பாட்டிக்கு என்ன நோய்?" என்று சிரிப்பார்கள், ஒரு கட்டத்தில் நான் வெளியே 'ஆயா' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரைப் பெயரிலிருந்து கழிக்கத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. உங்களை மட்டும் குற்றம் சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

உங்கள் கடிதத்தின் முதல் வாதம், பதிவேட்டில் இல்லாத பெயருக்கு ஆதாரம் இல்லை என்பது. ஆதாரங்களைச் சொல்கிறேன். சைகோனில் அவர்களுக்குத் திருமணத்தின்போது கொடுத்த பிரெஞ்சுக் குடும்பக் கையேட்டில் அவருடைய பிறப்புப் பெயர் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தில் திருமணத்தால் ஒரு பெண்ணின் பெயர் மாறுவதில்லை. மீ தோவில் எடுத்த பிறப்புப் பதிவின் நகல் இருக்கிறது. இவை போதாதென்றால் இன்னொன்று. 1991-இல் தாத்தா இறந்ததிலிருந்து பாட்டிக்கு அவருடைய பென்ஷனில் பங்கு வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரியும், ஆண்டுதோறும் 'லைஃப் சர்டிபிகேட்' கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தின் கீழே அவர் இட்ட கையெழுத்து அந்த வீட்டுப் பெயர்தான், ஐந்து குறிகளும் உட்பட. கை நடுங்கத் தொடங்கிய கடைசி ஆண்டுகளில் எழுத்துகள் கோணின. ஆனால் எழுதி முடித்த பிறகு பேனாவை எடுத்து, முதலிலிருந்து வந்து, குறிகளை ஒவ்வொன்றாக வைப்பார். உயிரோடிருக்கிறேன் என்று சொல்வதற்கு ஏற்கப்பட்ட பெயர், இறந்துவிட்டார் என்று சொல்வதற்கு மட்டும் ஏற்கப்படாதது எப்படி?

அடுத்து, பொருளாளர் பரிந்துரைத்த சமரசம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆகவே அது ஏன் சமரசமாகாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா தன் தாயை 'மா' என்றுதான் அழைப்பார். தென் வியட்நாமில் அம்மாவுக்கு அதுவே சொல். நான் ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, பாட்டி அம்மிக்கு எதிரே என்னை உட்காரவைத்து இந்த ஒரு சொல்லை வைத்தே தன் மொழியைக் கற்றுத்தரப் பார்த்தார். குரலை மேலே ஏற்றிச் சொன்னால் அம்மா. தாழ்த்தி வளைத்துச் சொன்னால் கல்லறை. சட்டென்று அடக்கிக் கீழே போட்டால் நாற்று. ஏற்றாமல் இறக்காமல் சமமாக விட்டால் பேய். எழுதும்போது இவற்றைப் பிரிப்பவை அந்தக் 'கொக்கியும் பொட்டும்'தான். அம்மாவுக்கு மேலே ஒரு சாய்ந்த கீற்று, கல்லறைக்குத் தலையில் ஒரு சிறு கொக்கி, நாற்றுக்கு அடியில் ஒரு புள்ளி, பேய்க்கு ஒன்றுமில்லை. அதாவது, அம்மா என்று எழுதியதிலிருந்து குறியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேய். குறியில்லாமல் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது, 'கல்' என்பதில் புள்ளியை எடுத்துவிட்டு அதுவும் கல்தானே என்று சொல்வதைப் போன்றது.

அந்நிய மொழிக் குறி என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமன் எழுத்தில் குறிகள் இட்டு வியட்நாமிய மொழியை எழுதும் அந்த எழுத்துமுறையை உருவாக்கியவர்கள் யார் என்று விசாரித்தீர்களா என்று தெரியவில்லை. அவர்கள் சேசு சபைக் குருக்கள். அந்த எழுத்தில் அமைந்த அகராதியை அலெக்சாந்தர் தெ ரோத் அடிகளார் 1651-இல் ரோமாபுரியில் அச்சிட்டார். நம் மொழியின் கதையும் வெகுதூரத்தில் இல்லை. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சானது சேசு சபையாரால். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் கண்ணால் பிரித்தறியும்படி எழுத்தைத் திருத்தித் தந்தவர் அதே சபையின் வீரமாமுனிவர். நாம் தினமும் எழுதும் இரட்டைக் கொம்புக்கும் பாட்டியின் பெயரில் உள்ள கொக்கிக்கும் பிறந்த வீடு ஒன்றே. போகட்டும், இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாட்டியின் குழிக்குப் பக்கத்திலேயே தாத்தாவின் கல் இருக்கிறது. 1991-இல் உங்கள் குழுவின் அனுமதியோடுதான் வைத்தோம். அதில் 'இறந்தார்' என்னும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் தலையில் மூன்று கீற்றுகள் இருக்கின்றன. அவற்றை அந்நியக் குறி என்று யாரும் இன்றுவரை சொன்னதில்லை.

கல்பட்டறைக்காரருக்கு இந்தத் தயக்கம் ஏதுமில்லை. பெயரைப் பெரிதாக எழுதி, மெல்லிய தாளில் நகலெடுத்து எடுத்துச் சென்றிருந்தேன். அவர் தாளைக் கல்லின்மேல் விரித்து, விரலால் ஒவ்வொரு குறியாகத் தொட்டு, "இது தொப்பி, இது தொப்பிமேல மூக்குத்தி, இது அடியில பொட்டு, சரிங்களா? எண்ணிக்க, அஞ்சு" என்று சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தில் 5 என்று எழுதிக்கொண்டார். வாழ்நாளில் வியட்நாமிய எழுத்தைப் பார்த்திராத மனிதர். உங்கள் கடிதம் வந்ததும் வேலையை நிறுத்தச் சொன்னேன்.

இனி உணவு படைத்ததைப் பற்றி. கடந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு, எல்லோரையும் போல நாங்களும் முதல் நாளே போய்ப் புல் செதுக்கி, மண்மேட்டைச் சீராக்கி, திருநாளன்று செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றினோம். கூடவே ஒரு பீங்கான் கிண்ணத்தில் சோறு, இரண்டு வாழைப்பழம், ஒரு சிறு கிண்ணத்தில் மீன் ரசம், மூன்று ஊதுவத்தி. மீன் ரசம் என்று எழுதியது உங்களுக்குப் புரிவதற்காக. நெத்திலியையும் மரக்காணத்து உப்பையும் சாடியில் அடுக்கி மாதக்கணக்கில் ஊறவைத்துப் பாட்டி வடித்தெடுத்தது, அவர் கையால் வைத்த கடைசிச் சாடி. அக்கம்பக்கத்தார் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்தியது உண்மை. அதே வீட்டார் பாட்டி வறுத்த 'நேம்' என்னும் சுருள் பலகாரம் கேட்டு மதில்மேல் தட்டை நீட்டியதும் உண்மை. மாலையில் குரு கல்லறைகளை மந்திரித்த பிறகு நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது கிண்ணங்கள் இல்லை. வாயிலருகே குப்பைக் குவியலில், வாடிய மாலைகளுக்கு நடுவே, பீங்கான் கிண்ணம் விளிம்பு உடைந்து கிடந்தது. அப்பா அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

இதே வாதத்தைத் திருச்சபை நம் ஊரிலேயே ஒருமுறை பேசி, பெருந்துன்பப்பட்டு, முடித்துவைத்திருக்கிறது. பாப்பரசரின் தூதராக 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கிய தெ தூர்னோன், 1704-இல் இங்கிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது என்று அது நீண்டது. (நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டுக்குள் குருக்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது, அந்த ஒன்றுக்காக அவரை வணங்கலாம்.) இங்கிருந்து சீனா சென்ற அதே தூர்னோன், 1707-இல் அங்கே முன்னோர்க்குச் செய்யும் வழிபாட்டைத் தடுத்தார். இரண்டு தடைகளையும் ரோமாபுரி பின்னர் உறுதிசெய்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பூசலுக்குப் பிறகு, 1939 டிசம்பரில், முன்னோரை வணங்குவது குடும்பப் பற்றையும் மரியாதையையும் காட்டும் செயலே என்று கொண்டு ரோமாபுரி சீனத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே நம் பக்கத்துச் சடங்குகளுக்கு எதிராகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியும் போயிற்று. வியட்நாம் ஆயர்கள் 1965-இல் தம் மக்களுக்கும் அந்த அனுமதியை அறிவித்தார்கள். ஆகவே, பாட்டியின் நாட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் ஆயரின் சம்மதத்தோடு செய்வதைத்தான் நாங்கள் இங்கே செய்தோம். 'பிற சமயச் சடங்கு' என்னும் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

பாட்டிக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. இறந்தவரின் நாளை அங்கே சந்திரக் கணக்கில்தான் கொண்டாடுவார்கள். தெற்கத்தியார் வாயில் அது 'யோ'. இங்கே வந்த புதிதில் எதிர்வீட்டு இந்துக் குடும்பம் திதி கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "நம்ம யோ இவங்க கிட்டயும் இருக்கு" என்று தாத்தாவிடம் ஓடி வந்து சொன்னாராம். அவருடைய புத்தாண்டு பெரும்பாலான ஆண்டுகளில் தை அமாவாசையன்றோ மறுநாளோ வரும். வியட்நாமிய நாட்காட்டி கிடைக்காத காலத்தில், சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி காலண்டரில் அமாவாசைக்குப் பென்சிலால் வட்டமிட்டே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தன் ஊர்க் கணக்கைக் காப்பாற்றினார். ஊரே கடற்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகும் நாளில், அவர் வீட்டுக்குள் மூன்று ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் பூசைக்கும் போய் வருவார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருடைய தங்கைகள் இருவரும் பாரிஸ் புறநகரில் குடியேறிவிட்டார்கள். பாட்டி போன பிறகு, இந்த ஊரில் அப்பா வியட்நாமிய மொழியில் பேச ஒருவரும் இல்லை. நான் பேசுவது பத்து வார்த்தை, அதிலும் பாதி சாப்பாட்டுப் பெயர். அவர் வெள்ளிக்கிழமை தோறும் கல்லறைக்குப் போகிறார். ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மண்மேட்டின் பக்கத்தில் குந்தி, கரண்ட் பில் எவ்வளவு வந்தது, மீன் என்ன விலை என்று அந்த மொழியில் தாயிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மொழிக்கு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆறடி இடம். அங்கே நிற்கப்போகும் கல்லில் அந்த மொழியின் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது என்பது உங்கள் தீர்மானம்.

ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்பதற்கும் பதில் சொல்கிறேன். எல்லோரும் என்றால் யார்? நம் கல்லறையை வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். சைகோனிலிருந்து வந்த மனைவியர் என்று எனக்குத் தெரிந்தே நான்கு பேர் அங்கே இருக்கிறார்கள். நான்கு கல்லிலும் ஒரு புனிதையின் பெயரும் 'இன்னாரின் மனைவி' என்பதும் மட்டுமே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்டால், கேட்கட்டும். நான்கு பெயருக்கு இடம் கொடுத்தால் கல்லறை நிரம்பிவிடாது.

கல்லறையில் தீப்பிடிக்கும் என்ற கவலை உங்களுக்கு இருந்தால், அதை மட்டும் ஏற்கிறேன். இறந்தவருக்கென்று காகிதப் பணம் எரிக்கும் வழக்கத்தை, கோடையில் காய்ந்த புல் சூழ்ந்த இடத்தில் நாங்கள் செய்ய மாட்டோம், எழுதியே தருகிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. பாட்டியின் பலகையில் திருமுழுக்குப் பெயர் மேலே இருக்க, அதன் கீழே அவருடைய பிறப்புப் பெயரை ஐந்து குறிகளோடும் பொறிக்க எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். பங்கின் அடக்கப் பதிவேட்டில் அவருடைய பதிவுக்கு எதிரே அந்தப் பெயரையும் சேர்க்க வேண்டும். குடும்பக் கையேட்டையும் பிறப்புப் பதிவின் நகலையும் எந்த நாளிலும் கொண்டுவந்து காட்டத் தயார். நினைவு நாளிலும் கல்லறைத் திருநாளிலும் ஒரு கிண்ணம் சோறும் பழமும் ஊதுவத்தியும் வைப்பதைத் தடுக்கக் கூடாது. மாலைக்குள் நாங்களே எடுத்து இடத்தைத் துப்புரவாக்கிவிடுவோம், அதற்கு முன் எவரும் அதைத் தொடக் கூடாது. மற்ற நான்கு குடும்பங்களுக்கும் அவர்கள் விரும்பினால் பெயர் சேர்க்கலாம் என்று குழு தானாகவே கடிதம் எழுத வேண்டும். உங்கள் கடிதத்திலிருந்து 'பிற சமயச் சடங்கு' என்பதை நீக்கித் திருத்திய கடிதம் அனுப்ப வேண்டும்.

பாட்டியின் முதலாண்டு நினைவு மாசியில் வருகிறது. பெயரைக் கொத்தி, மெருகேற்றி, கல்லை நிறுத்திச் சிமெண்டு காய்வதற்கு மூன்று வாரம் வேண்டும் என்கிறார் கல்பட்டறைக்காரர். திருமுழுக்குப் பெயரும் இரு தேதிகளும் கொத்தி முடித்து, நடுவில் ஒரு வரிக்கு இடம் விட்டு, கல்லைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஆகவே தை அமாவாசைக்கு முன் உங்கள் பதில் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பா நோயின் பேத்தி
புதுச்சேரி, மார்கழி